பின்னால் நிற்க ஓர் ஆள்

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. நேரக் காப்பாளரின் அறைக்கு மேலே, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து எந்த ஊருக்குப் புறப்படுகிறது என்று சொல்வது அவள் வேலை. மேசைமேல் ஒரு மைக், அதன் தலையில் பஞ்சு உறை, பக்கத்தில் வெந்நீர்க் குடுவை, ஆடிக்கொண்டே சுற்றும் ஒரு விசிறி. மைக்கில் பேசும்போது விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் சத்தமும் சேர்ந்து ஒலிபெருக்கியில் போகும். ஆகவே வேலை நேரத்தில் பாதி வியர்வையிலேயே கழியும். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், தண்ணீர் பாட்டில் விற்பவர்கள், கழிப்பறை கழுவுகிறவர்கள் எல்லாருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் குரலில் சந்தோஷமும் இருக்காது, சலிப்பும் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேரக் காப்பாளர் சொன்ன ஏதோ ஒரு வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டே ஒருமுறை அறிவித்துவிட்டாள். கீழே இருந்தவர்கள் பேருந்தை விட்டுவிட்டு, யார் இது சிரிக்கிறது என்று ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு குடும்பம் மொத்தமாக வண்டியைத் தவறவிட்டது. அன்றிலிருந்து குரலில் ஒரு சுருக்கம் விழாமல் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் அடித்தாலும் வீட்டில் சண்டை நடந்தாலும் ஒலிபெருக்கியில் அது தெரியாது. அந்தக் குரல் எழுந்தால் ஜனங்களின் கை தானாகப் பைக்குப் போகும், கண் கடிகாரத்துக்குப் போகும். குரலை யாரும் கேட்பதில்லை, அது சொல்லும் ஊரை மட்டும் கேட்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றையொன்று உரசிக்கொண்டதிலிருந்து, மைக் அக்கா ‘புறப்படுகிறது’ என்று சொல்லி முடிக்காமல் எந்த ஓட்டுநரும் வண்டியை நகர்த்தக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் வாய்த்துடுக்குள்ள ஓட்டுநர்கள்கூட அதை மீறியதில்லை.

வீட்டில் இன்னொரு குரல் இருந்தது, அவள் மாமியாருடையது. அந்த வீட்டில் ஒலிபெருக்கி இரண்டு, அதில் ஒன்றுக்குத்தான் ஸ்விட்ச் உண்டு என்று நேரக் காப்பாளர் கேலி செய்வார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் கணவன் இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் வாயைத் திறந்ததே இல்லை. ஜன்னலைச் சாத்தினால் சண்டை, திறந்தால் சண்டை, குழாயை இறுக்கி மூடினால் சண்டை. தடுமன் பிடித்து மருமகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாட்களில் மட்டும், அவளைப் பேசவே விடாமல், வெந்நீரைக் கையில் கொடுத்துவிட்டு, இருவர் பக்கத்துச் சண்டையையும் கிழவியே போட்டுக்கொள்வாள். “இப்போ நீ என்ன சொல்லுவ, எல்லாம் என் தலையெழுத்துன்னு சொல்லுவ. அதுக்கு நான் என்ன சொல்லுவேன் தெரியுமா” என்று தொடங்கினால் பாத்திரம் கழுவி முடிகிறவரை ஓடும்.

தெருவிலும் கிழவி அப்படித்தான். சாக்கடை அடைத்துக்கொண்டால், நகரசபை உறுப்பினர் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எடுப்பாள். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துவிடும். சாயங்காலத்துக்குள் சாக்கடை சரியாகிவிடும். மருமகளுக்கு இது பெரிய அவமானம். பத்துப் பேர் மதிக்கும் வேலையில் இருப்பவள் வீட்டு மனுஷி தெருவில் நின்று கத்துவதா? முறையாக ஒரு மனு கொடுத்தால் அவர்களே செய்வார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ளாதவர்களா என்று ஒருநாள் மாமியாருக்குப் பாடம் நடத்தினாள்.

“மனுவுக்கு வாய் இருக்கா?” என்றாள் கிழவி. “உன் குரல் மாதிரிதான் அதுவும். உப்பு சப்பு இல்லாதது.”

நிலையத்துக்குள் பேருந்துகள் முன்பக்கமாக நுழைந்து நடைமேடையை ஒட்டி நிற்கும். கிளம்பும்போது பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஓர் ஆள் நின்று, இருபுறமும் பார்த்து, விசில் ஊதி வண்டியை வெளியே கொண்டுவருவார். ஒரு கூட்டத்தில், நிலையத்தை நவீனமாக்குகிறோம் என்று நகரசபை அந்த விசில்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது. பதிலுக்கு, வண்டி பின்னால் வரும்போது தானே சத்தம் எழுப்பும் கருவியைப் பொருத்தப்போவதாகச் சொன்னார்கள். ‘பேருந்து பின்னால் வரும், கவனம்’ என்ற பலகைகள் அடுத்த வாரமே வந்தன. கருவி வரவில்லை. பலகைக்கு என்ன, வண்ணம் பூசினால் போதும். படிக்கத் தெரியாதவன் செத்தால் அது அவன் பாடு.

மழை வரும்போல் இருந்த ஒரு மத்தியானம். மைக் அக்கா குடையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். வழக்கம்போல ஓர் அறிவிப்பு செய்து முடித்தாள். வண்டி பின்னால் நகர்ந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தாள். பிறகு அது நின்றது. பின்பக்கம் கூட்டம் கூடியது. ஜனங்களின் தலைகள் மறைத்ததால் மேலிருந்து வேறொன்றும் தெரியவில்லை. நேரக் காப்பாளர் கீழேயிருந்து போன் செய்து, ஏதோ தகராறு போலிருக்கிறது, கூட்டத்தைக் கலைக்கச் சொல்லுங்கள் என்றார். அவள் விசிறியை நிறுத்திவிட்டு, பயணிகள் பேருந்தின் பின்புறம் கூட்டமாக நிற்க வேண்டாம், தயவுசெய்து வழிவிடவும் என்று அறிவித்தாள். சுருக்கம் விழாத அதே குரலில் திரும்பத் திரும்ப அறிவித்தாள். ஜனங்கள் சொன்னபடி விலகினார்கள். விலகிய இடத்தில் ஒரு குடை கிடந்தது. பட்டன் பிய்ந்துபோய் அவளே நூல் சுற்றி வைத்திருந்த அவளுடைய குடை.

கிழவி செத்ததில் ஊருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வந்த கோபம் நேராக ஓட்டுநர் மேல் இறங்கியது. இருக்கையிலிருந்து அவரை இழுத்துப்போட்டுச் சட்டை கிழிய அடித்தார்கள். அடித்தவர்களில் பாதிப்பேர் அடுத்த வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். நகரசபை அவரை வேலையை விட்டு நீக்கியது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன், நேர் பின்னால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடிக்க ஓர் ஆள் கிடைத்த பிறகு காரணம் யாருக்கு வேண்டும்?

மைக் அக்காவுக்கு வேண்டியிருந்தது. அவள் கேட்டது பழி இல்லை, பணம் இல்லை. விசில்காரர்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம். தலைவரின் மேசைமேல் ஒரு மணி இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் தலைவர் அதைத் தட்டுவார், அத்தோடு அவர்கள் பேச்சு முடிந்தது. கூட்டத்தின் கண்ணியத்தைக் காக்கும் மணியாம் அது. மைக் அக்கா எழுந்து, தனக்குத் தெரிந்த ஒரே முறையில் பேசினாள். பின்னால் நின்றவர் என்ன செய்வார், கண்ணாடியில் எது தெரியாது, பலகை ஏன் போதாது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் குரல் எத்தனையோ வருஷமாகப் பழக்கிவைத்த கைகள் அவை. மாமியார் செத்ததை அவள் சொன்னதும் ஒரு பேருந்து அறிவிப்பாகத்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

தலைவர் மனதாரப் பாராட்டினார். “இவ்வளவு பெரிய துக்கத்துலயும் கொஞ்சம்கூட உணர்ச்சிவசப்படாம பேசினாங்க பாருங்க. எல்லாரும் இப்படி இருந்தா நல்லா இருக்கும்” என்றார். பரிசீலிப்பதாகவும் சொன்னார். அதன்பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? தொந்தரவு செய்யாதவளுக்கு நல்ல பெயர் கொடுத்து அனுப்பியாயிற்று.

பிறகு தேர்தல் வந்தது. எதிர்த்து நின்ற கட்சிக்காரரை ஊரில் கைக்குட்டை என்பார்கள். மேடையில் ஏறிச் சிறிது நேரத்துக்கெல்லாம் அவருக்குத் தொண்டை அடைக்கும், சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை வெளியே வரும், கீழே பெண்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்குவார்கள். அவர் அழுகை நடிப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கண்ணீர் நிஜமாகவே வந்தது. அதுதான் கொடுமை. மழையில் நனையும் நாயைப் பார்த்தாலும் அழுவார். அழுதுவிட்டு நாயைத் தாண்டிப் போய்க் காரில் ஏறிக்கொள்வார்.

ஒரே வாரத்தில் ஊரெங்கும் மாமியாரின் முகம் முளைத்தது. ‘நம் அன்னையைக் கொன்றது யார்?’ என்று கீழே பெரிய எழுத்து. உயிரோடு இருந்தவரை போட்டோவுக்குச் சிரித்தே அறியாத கிழவியைக் கம்ப்யூட்டரில் சிரிக்க வைத்திருந்தார்கள். கன்னத்தில் சதை வைத்து, கண்ணில் கருணை வைத்து, ஊருக்கே பொதுவான ஒரு தாயாக்கியிருந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் கணவன் ஒரு சுவரொட்டிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி வெகுநேரம் பார்த்தான்.

“இது எங்கம்மா இல்ல” என்று அன்றிரவு சொன்னான். அந்தத் தேர்தலைப் பற்றி அவன் சொன்னது அது மட்டும்தான்.

கைக்குட்டை வீட்டுக்கே வந்து மைக் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். விசில்காரர்களைத் திரும்பப் போடுவீர்களா என்று அவள் நேராகக் கேட்டாள்.

“போடாம எங்க போகப் போறோம்?” என்றார் அவர். “ஆனா ஒண்ணு கேளுங்கம்மா. மேடையில விசிலைப் பத்திப் பேசினா யார் மனசு உருகும்? அம்மாவைப் பத்திப் பேசுங்க. மனசு உருகினா ஓட்டு. ஓட்டு விழுந்தா விசில் தானா வரும்.”

அவள் போனாள். விசிலுக்காகப் போனாள். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்ததும் பழக்க தோஷம், குரல் தானாக நேரானது. விசிலைப் பற்றித்தான் பேசினாள். கீழே கூட்டம் நெளிந்தது. தூரத்தில் சிலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், “மருமகதான? உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருக்கும்” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் கேட்டது. தொண்டை கட்டிய நாட்களில் தனக்கும் சேர்த்துச் சண்டை போட்டவளைப் பற்றி இந்தப் பயல்களிடம் எதைச் சொல்வது, எதற்குச் சொல்வது? அழுதால் நம்புவார்கள். அழுது காட்டினால்தான் நம்புவார்கள் என்பதாலேயே அவளுக்கு அழுகை வரவில்லை. கைக்குட்டை மெல்ல அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, அவளுக்கும் சேர்த்து அவரே அழுதார்.

அவர் ஜெயித்தார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். நிலையத்தில் அன்னைக்கு ஒரு சிலை. எங்கே? அவர் உயிர் பிரிந்த அதே இடத்தில், பேருந்துகள் பின்னால் வரும் பாதையில். உயரமான பீடம், சுற்றிலும் கம்பி வேலி, மாலையில் எரிய நான்கு பக்கமும் விளக்கு. ஒரே மாதத்தில் பீடம் எழும்பிவிட்டது. ஏற்கெனவே இடுக்கமாக இருந்த பாதை பாதியானது. நடைமேடையிலிருந்து குறுக்கே வருகிறவர்கள் இப்போது பீடத்துக்கும் வண்டிக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஓட்டுநர்களின் கண்ணாடியில் பீடத்தின் சலவைக்கல் மட்டும் பளபளவென்று தெரிந்தது. ஒருத்தியைக் கொன்ற இடத்தில் அவளையே நிற்க வைத்து அடுத்தவளைக் கொல்ல ஏற்பாடு. இதற்கு ஊரே கைதட்டியது.

மைக் அக்கா மறுபடியும் நகரசபைக்குப் போனாள். அறை அதே அறை, மணியும் அதே மணி, நாற்காலியில் மட்டும் கைக்குட்டை. வாக்குக் கொடுத்தீர்களே என்று அவள் ஞாபகப்படுத்தினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கோப்பைப் புரட்டினார். நிதி நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அறிவியல்பூர்வமாக ஆராயாமல் எதையும் செய்துவிட முடியாது என்றார். ஒரு குழு போட்டிருக்கிறோம் என்றார். அந்தக் குரலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இந்த மனிதனா மழையில் நனைந்த நாய்க்கு அழுதது என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குள் என்னவோ அறுந்தது.

“சிலை வைக்கிறப்போ எந்தக் குழு ஆராய்ஞ்சது?” அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். “செத்தவளுக்குப் பீடம் கட்டக் காசு இருக்கு. சாகாம இருக்கிறதுக்கு ஒரு விசில் வாங்கக் காசு இல்லையா?”

அறையில் இருந்த எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை, பையை யாரும் தொடவில்லை. வாசலில் நின்ற காவலாளிகூட உள்ளே எட்டிப் பார்த்தான். கைக்குட்டை மணியைத் தட்டினார்.

“அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க” என்றார். “கொஞ்சம் நிதானமா, அறிவோட யோசிங்க.”

பாவம், இன்னும் துக்கத்தில் இருக்கிறார் என்று யாரோ பரிந்து பேசினார்கள். இரண்டு பேர் மரியாதையாகவே அவளை வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

அவள் படிக்கட்டிலேயே நின்றாள். அழுது ஓட்டு வாங்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், அழாதே என்று மணியடிக்கிறான்! பழைய தலைவர் அவள் அழவில்லை என்று பாராட்டி ஒன்றும் செய்யவில்லை. புதியவர் அவள் அழவில்லையே என்று மைக்கை வாங்கித் தானே அழுதார், கோபப்பட்டதும் அறிவைப் பற்றிப் பேசுகிறார், அவரும் ஒன்றும் செய்யவில்லை. இவர்களுக்கு உணர்ச்சியும் ஒரு சாக்கு, அறிவும் ஒரு சாக்கு. ஓட்டு கேட்டு வரும்போது கண்ணீர், வேலையைக் கேட்டுப் போனால் நிதானம். இத்தனை நாள் மனு எது, கத்தல் எது, எது மேல் என்று மாமியாரோடு மல்லுக்கட்டியதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டு பேரும் கேட்டது ஒன்றையேதான். கோபம் வரவேண்டிய காரணம் இருந்தது, அதனால் கோபம் வந்தது. இதில் எங்கே உணர்ச்சி முடிகிறது, எங்கே அறிவு தொடங்குகிறது?

சிலைத் திறப்பு நாளன்று நிலையத்தில் தோரணம் கட்டி, பீடத்தின் பக்கத்தில் ஒரு சிறு மேடை போட்டிருந்தார்கள். வண்டிகள் எல்லா நடைமேடையிலும் ஆட்களோடு நின்றன. விழாவுக்காகச் சேவையை நிறுத்தக் கூடாது, பேச்சுக்கு நடுநடுவே வண்டிகள் போகட்டும் என்பது தலைவரின் பெருந்தன்மை. ஒரு நிமிட மௌன அஞ்சலியை அறிவிக்க மைக் அக்காவின் குரலே பொருத்தமாக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். சரி என்றாள். அவள் மனதில் அப்போது திட்டம் எதுவும் இல்லை.

திரையை இழுத்தார்கள். கிழவி கல்லில் சிரித்துக்கொண்டு நின்றாள். கைக்குட்டை கையைக் காட்டினார். மைக் அக்கா விசிறியை நிறுத்தினாள்.

“மறைந்த அன்னையின் நினைவாக அனைவரும் ஒரு நிமிடம் மௌனம் காக்கவும்.”

நிலையம் அடங்கியது. தலைகள் குனிந்தன. மேலிருந்து பார்த்தவளுக்கு மட்டும் அது தெரிந்தது. தலை குனியாத ஒருத்தி, கையில் ஒரு பெட்டியும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக, பீடத்துக்கும் ஒரு பேருந்தின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து போய்க்கொண்டிருந்தாள். அந்த வண்டிதான் அடுத்துக் கிளம்ப வேண்டியது. ஓட்டுநர் சாவியில் கை வைத்துக்கொண்டு மேலே ஒலிபெருக்கியைப் பார்த்துக் காத்திருந்தார்.

நிமிடம் முடிந்தது. தலைகள் நிமிர்ந்தன. நேரக் காப்பாளர் கீழேயிருந்து வண்டியைக் கைகாட்டினார். மைக் அக்கா எட்டி விசிறியைப் போட்டாள். விசிறி சுற்றினால் அவள் பேசப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மறுபடி கையைக் காட்டினார். அவள் அசையவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மௌன அஞ்சலி கொஞ்சம் நீள்கிறது என்று நினைத்தார்கள். பிறகு வண்டிகளுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஓட்டுநர்களைக் கேட்டார்கள். ஓட்டுநர்கள் மேலே கையைக் காட்டினார்கள். மைக் கெட்டுப்போச்சா என்றார்கள். தூங்கிட்டாளா என்றார்கள். யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

தலைவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். எத்தனை பேருக்குக் கஷ்டம், வேலைக்குப் போகிறவர்கள், நோயாளிகள், இதையெல்லாம் யோசித்தீர்களா என்று முதலில் கணக்காகப் பேசிப் பார்த்தார். பிறகு தொண்டை அடைத்தது. கைக்குட்டை வெளியே வந்தது. உங்க அத்தை இருந்தா இதைப் பொறுப்பாங்களா என்றார்.

“நீங்க அழுது முடிச்சதும் கீழ போய், வண்டிக்குப் பின்னால ஒரு ஆளை நிறுத்துங்க” என்றாள் மைக் அக்கா. “அதுவரைக்கும் நான் பேசமாட்டேன்.”

இது வேலையை விட்டே போகிற விஷயம் என்று அவர் எச்சரித்தார். அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் கீழே ஜனங்கள் தன்னையே திட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. யாருக்காக உட்கார்ந்திருக்கிறாளோ அவர்களே கல்லெறிந்தால்? விசிறியை நிறுத்தினாள்.

“பயணிகள் கவனத்துக்கு. பின்னால் ஆள் நின்று பார்க்காமல் எந்தப் பேருந்தும் இங்கிருந்து புறப்படாது.” அதுவரை பழைய குரல்தான். கைகள் பைக்குப் போகத் தொடங்கியிருந்தன. “எங்க அத்தை அப்படித்தான் செத்தாங்க. எனக்குக் குடை எடுத்துட்டு வந்தாங்க. நான்தான் அந்த வண்டியை அனுப்பினேன். செத்துக் கிடந்தவங்களைச் சுத்தி நின்னவங்களை நான்தான் கலைஞ்சு போகச் சொன்னேன். பின்னால ஒருத்தர் நின்னிருந்தா, இன்னிக்கு வீட்டுல எங்கிட்ட சண்டை போட்டுட்டு இருப்பாங்க. சிலையை யார் கேட்டா? ஒரு விசில் கேட்டேன். இப்பவும் அதைத்தான் கேக்கிறேன்.”

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. கீழே நின்றவர்கள் கூட்டம் கூட்டமாக ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஒரு ஆளை நிறுத்தறதுக்கா இவ்வளவு நேரம்?” என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள். அதன்பிறகு சத்தம் திசை மாறியது. படியிறங்கி வந்த தலைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். விசில்காரர்கள் இன்றே திரும்ப வருவார்கள் என்று அவர் மேடை மைக்கில் அறிவித்தார். இன்றைக்கு என்றால் எப்போது, இப்போதே நிறுத்து என்று கூட்டம் கத்தியது. அவசர அவசரமாகத் தொண்டர் ஒருவரைப் பின்னால் அனுப்பினார். அந்த ஆள் கட்சித் துண்டும் பேட்ஜுமாக, பின்சக்கரம் வரும் பாதையிலேயே போய் விறைப்பாக நின்றார். வண்டி நகர்ந்தால் முதலில் அவர்தான் போவார். இத்தனை கோபத்திலும் மைக் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது நடைமேடையின் ஓரத்தில், தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். சாயம்போன சட்டை, ஒரு கால் லேசாக இழுத்தது. அன்று அடிபட்ட கால். வேலையிழந்த அந்த ஓட்டுநரை மைக் அக்காவுக்கு மேலிருந்தே அடையாளம் தெரிந்தது. சிலையைப் பார்க்க வந்தாரா, யாரும் பார்க்காமல் மன்னிப்புக் கேட்க வந்தாரா, தெரியாது. தொண்டரின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். பீடத்தை ஒட்டி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், குறுக்கே வந்த ஒரு கிழவரைக் கைநீட்டி நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தார். விசில் இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இந்த மனிதரை நம்பித்தான் சொல்ல வேண்டும். அவரைத் தவிர, அங்கே பின்னால் நிற்பது என்றால் என்ன என்று தெரிந்தவர் யாரும் இல்லை.

ஊரின் பெயரைச் சொன்னாள். நடைமேடையைச் சொன்னாள். ‘புறப்படுகிறது’ என்று முடிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, “பின்னால பார்த்துக்கோங்க, எல்லாரும் பின்னால பாருங்க” என்றாள். குரல் மாமியாருடையதைப் போலக் கரகரத்தது.

விசில் சத்தம் நிலையத்தையே கிழித்துக்கொண்டு போனது. ஒருவர் கையும் பைக்குப் போகவில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள்.